இன்னொருவர் வாயால்

அப்பா உயிரோடு இருப்பதைச் சின்னவள் சபையில் யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போனார் என்றும் சொன்னதில்லை. வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவங்க போயிட்டாங்க" என்பாள். அம்மாவைத்தான் சொன்னாள், கேட்டவர்கள் அப்பாவையும் சேர்த்துக்கொண்டார்கள். அவள் திருத்தப் போகவில்லை.

அதனால், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது போதகர் அவளை ஓரமாக அழைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டில் இருப்பவர் அவளுடைய அப்பாவா என்று கேட்டதும், முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றாள்.

போதகர் அவளைவிட இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. சபையைச் சேர்ந்த முதியவர் ஒருவரைப் பார்க்க அந்த வார்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாராம். பக்கத்துக் கட்டில்காரர் ஒவ்வொரு முறையும் ஜெபம் முடியும்வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாராம். முதியவர் இறந்த அன்று, போதகர் கிளம்பும்போது அந்த மனிதர் எட்டி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நர்ஸ் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அவர் பேசுவது இங்கே யாருக்கும் புரியாது, அவர் பெண்ணுக்கு மட்டும்தான் புரியும் என்றாளாம் நர்ஸ். அந்தப் பெண் ஹோட்டல் லாண்டரியில் வேலை செய்கிறவள் என்று அவள் சொன்ன அடையாளத்தில் போதகருக்குப் பொறி தட்டியது.

"புதன்கிழமை நானும் வரட்டுமா அக்கா? அவர் என்ன கேக்குறார்னு நீங்க எடுத்துச் சொன்னா போதும்" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள். சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை.

அப்பா வெல்டர். இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டுவார். பட்டறை இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல் அப்படியே வீட்டுக்கும் வந்துவிடும். அப்பா ரகசியம் பேசினால் தெருமுனையிலிருந்து பதில் வரும் என்று அண்ணன் சொல்வான், அவர் வீட்டில் இல்லாதபோது.

நோய் அந்தக் குரலைத்தான் முதலில் பிடித்தது. குரல்வளையை அறுத்து எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. சாப்பாடு மூக்கு வழியாக. காது மட்டும் நன்றாகக் கேட்டது. எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்கு எழுத்துத் தெரியாது.

அவர் உதட்டைப் படிக்கச் சின்னவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிறுமியாக இருந்தபோதே கற்றுக்கொண்டுவிட்டாள். அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வாய் தனக்குத்தானே முணுமுணுக்கும். அதைப் பார்த்தே இன்றைக்கு அம்மாவுக்கு அடி விழுமா விழாதா என்று சொல்லிவிடுவாள். விழும் என்றால் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டுவாள். இருவரும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள். அம்மாவுக்குத்தான் போக இடம் இருக்காது.

அம்மா சபைக்குப் போவது அப்பாவுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அவர் கூடுதல் வேலைக்குப் போனால்தான் அம்மா சின்னவளை இழுத்துக்கொண்டு ஓடுவாள். ஒரு ஞாயிறு பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். ஆராதனை முடிந்து திரும்பியபோது சின்னவள் முன்னால் ஓடி, மாடியேறி, வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். அப்பா மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த அம்மாவை இரண்டு கையாலும் தள்ளினார்.

டாக்டரிடம் வழுக்கி விழுந்தாள் என்றார். அம்மாவும் ஆமாம் என்றாள். உடைந்த இடுப்பு கூடவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகி, அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச்சேர்ந்தாள். அதற்குப் பிறகு அம்மா வழுக்கி விழுந்தவள் என்றே ஆகிவிட்டது. அந்த வீட்டில் யாரும் வேறு மாதிரி வாய் திறக்கவில்லை.

அப்பாவுக்கு நோய் வந்ததும் அண்ணன் கைகழுவிவிட்டான். சின்னவள் மட்டும் வேலை முடிந்து போய்வந்தாள். துணி மாற்றினாள், குழாயைச் சுற்றித் துடைத்தாள், எச்சில் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். பாசம் என்று சொல்ல முடியாது. கடமை என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் செய்தாள்.

புதன்கிழமை பார்வையாளர் நேரத்தில் போதகர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு நேராக உட்கார்ந்தார். சின்னவள் கட்டிலின் மறுபக்கம் நின்றாள். என்ன வேண்டும் ஐயா, என்னைக் கூப்பிட்டீர்களே என்று போதகர் கேட்டார்.

அப்பாவின் உதடுகள் மெதுவாக அசைந்தன. அவள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"பக்கத்துக் கட்டில்காரன் பயப்படாம செத்தான். எனக்குப் பயமா இருக்கு. என் பொண்டாட்டியைக் கொன்னது நான்தான். எனக்கு மன்னிப்பு இருக்கான்னு அவரைக் கேளு."

ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது. எத்தனை வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் காத்திருந்தாள்! அம்மாவின் கட்டிலருகே அவர் இதைச் சொல்லியிருக்கலாம். அவளிடமோ அண்ணனிடமோ சொல்லியிருக்கலாம். இப்போது, சத்தமில்லாமல், வேறொருவருக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய பொருளாக அது அவள் கைக்கு வந்திருந்தது. அதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். சபையில் வளர்ந்தவள் அவள். உண்டு என்பார் போதகர். அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிடும். அம்மா போன இடத்துக்கு இவரும் கைவீசிக்கொண்டு போவார்.

போதகர் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"தான் ஒரு தப்பும் செஞ்சதில்லைன்னு சொல்றார்" என்றாள் சின்னவள். "வலி குறையணும்னு மட்டும் ஜெபம் பண்ணச் சொல்றார். வேற ஒண்ணும் வேணாமாம்."

போதகருக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பாவின் பக்கம் திரும்பி, "அப்படியாங்க ஐயா?" என்றார்.

அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. தலையை இல்லையென்று ஆட்டியிருந்தால் போதும். சட்டைக் கையை மறுபடி பிடித்திருந்தால் போதும். அவர் போதகரைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்தார். கோபம் இல்லை. அவள் சொன்னது நியாயம்தான் என்பதுபோல மெல்லத் தலையாட்டினார். ஆமாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

போதகர் வலிக்காக ஜெபித்துவிட்டுப் போனார். சின்னவள் அழுக்குத் துணியைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, கட்டிலைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

லாண்டரியில் அவளுடைய வேலை, ஈரம் பாதி காய்ந்த படுக்கை விரிப்புகளைச் சுருக்கம் நீக்கும் சூட்டு உருளைக்குள் செலுத்துவது. ஒரு முனையை அவள் பிடிக்க வேண்டும், மறுமுனையை இன்னொருத்தி. இருவர் கையும் ஒன்றுபோல நகராவிட்டால் துணி கோணிக்கொள்ளும். அந்த வாரம் முழுக்கக் கோணலாகவே வந்தது. உன் கை இங்கே இருக்கிறது, தலை எங்கே போயிற்று என்று கூட்டாளி கேட்டாள். தூக்கமில்லை என்று சமாளித்தாள்.

அப்பா தலையாட்டியதுதான் அவளை விடவில்லை. அவர் கத்தியிருந்தால், கையை ஓங்கியிருந்தால் அவளுக்குப் பழக்கமான அப்பா. அதற்கு என்ன செய்வதென்று தெரியும். அடைத்த கதவுக்கு முன்னால் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போகும் அப்பாவை அவள் பார்த்ததே இல்லை.

அண்ணன் டாக்சி ஓட்டுகிறான். டாக்சி நிறுத்தத்தில் போய் அவனிடம் நடந்ததைச் சொன்னாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கில் கையைத் தட்டிச் சிரித்தான்.

"நல்ல காரியம் செஞ்சே. மன்னிப்பாம். அப்படியே போய் எரியட்டும்" என்றான்.

அவள் விரும்பியதும் அதுதான். ஆனால் அதை அண்ணன் வாயிலிருந்து, அந்தச் சிரிப்போடு கேட்டபோது டாக்சிக் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அண்ணனின் முகம் அப்பா முகம் மாதிரி இருந்தது. தன் முகம் எப்படி இருக்கிறதோ என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் நாள். அப்பத்தட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தது. மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது என்பார்கள். அவளிடம் வந்தபோது கை நீளவில்லை. தட்டைப் பக்கத்தில் இருந்தவளுக்குத் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மேடையிலிருந்து போதகர் அதைப் பார்த்தார்.

எல்லாரும் போன பிறகு அவளாகவே அவரிடம் போனாள். அப்பா என்ன சொன்னார், அவள் என்ன சொன்னாள், மாடிப்படி, அம்மாவின் முதுகுப் புண் எல்லாவற்றையும் கொட்டினாள்.  முடிந்ததும் போதகர் பெஞ்சில் கிடந்த பாட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"வாழ்நாள் பூரா அடிச்சவர் கடைசியில ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் இல்லாம போயிடுமா பாஸ்டர்? அப்போ எங்கம்மா பட்டதுக்கு என்ன மதிப்பு?"

"இல்லாம போகாது அக்கா" என்றார் போதகர். "பாவம் காத்துல கரைஞ்சு போறதில்ல. ஒருத்தர் மேல விழுந்துச்சு. அவர் விலகலை. அதைத்தானே நாம சிலுவைன்னு சொல்றோம்." பிறகு, "எனக்கும் இது சுலபமா இல்ல. உங்கம்மாவை நினைச்சா எனக்கும் ஆறலை. ஆனா அங்க வேற வாசல் கிடையாது. நீங்க எப்படி உள்ள வந்தீங்களோ, அவரும் அப்படித்தான் வரணும்" என்றார்.

"நான் யாரையும் அடிக்கலையே" என்றாள்.

 பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் அந்தச் சொல் அவளையே சுற்றிச் சுற்றி வந்தது. அம்மாவின் கைப்பிடித்துச் சபைக்குப் போனவள், பாட்டுக்குழுவில் பாடுகிறவள், பொய் பேசாதவள் என்று பெயரெடுத்தவள். செத்துக்கொண்டிருக்கும் ஒருவன் மன்னிப்பு இருக்கிறதா என்று கேட்க, அந்தக் கேள்வியையே மாற்றிச் சொன்னவளும் அவள்தான். அப்பா தள்ளியது அம்மாவைப் படியிலிருந்து. அவள் அப்பாவைத் தள்ளியது இன்னும் ஆழமான இடத்துக்கு. அதையும் நிதானமாக, கோபம்கூட இல்லாமல் செய்திருந்தாள்.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரவே போனில் பேசியிருந்தாள், போதகர் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா இன்னும் மோசமாகியிருந்தார். குழாயில் சளி கொரகொரத்தது. கழுத்தில் சுற்றிய துணியில் இரத்தம் ஊறியிருந்தது. இன்றோ நாளையோ என்று நர்ஸ் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் மாத்திச் சொன்னேன்" என்றாள்.

"தெரியும்" என்றது உதடு.

"அப்புறம் ஏன் தலையாட்டுனீங்க?"

மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரமானது. "மன்னிப்பு உண்டான்னு சொல்ல வேண்டியவ நீ. நீ இல்லேன்னு சொன்னா இல்லதான்."

அழுதுவிடுவோம் என்று அவள் எதிர்பார்த்தாள். அழுகை வரவில்லை. அவர்மேல் இரக்கமும் பெரிதாக வரவில்லை. உடம்பு மட்டும் கனத்தது.

"அதைச் சொல்ல நான் யாரும் இல்லப்பா" என்றாள்.

அப்பா அவளையே பார்த்தார். பிறகு, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். செய்ய ஒன்றும் இல்லை என்றாள். அவருக்கு அது பிடிபடவில்லை. வேலை செய்தே பழகிய மனிதர். எதையாவது செய்து சரிக்கட்ட வேண்டும், அது தன்னால் முடியாது, ஆகவே வழியில்லை என்பதுதான் அவர் கணக்கு.

"சும்மாவா?" என்றது உதடு.

"சும்மாதான். இயேசுவோட சேர்த்து ஒரு கள்ளனையும் சிலுவையில அடிச்சாங்க. அவன் கையும் காலும் ஆணியில இருந்துச்சு. இறங்கி வந்து ஒரு நல்லது செய்ய வழியில்ல. செஞ்சதை மறைக்கல, என்னை நினைச்சுக்கோங்கன்னு மட்டும் கேட்டான். அவனைச் சேர்த்துக்கிட்டார்."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதடு அசைந்தது. "அங்க உங்கம்மா இருப்பாளே. என்னை விடுவாளா?"

அவள் கேட்க அஞ்சிய கேள்வி அதுதான். 

"அது அம்மா வீடு இல்லப்பா. அம்மாவும் கேட்டுத்தான் உள்ள போனாங்க."

போதகர் வந்தபோது பார்வையாளர் நேரம் தொடங்கி வார்டு நிரம்பியிருந்தது. அவர் அதிகம் பேசவில்லை. அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஆண்டவரிடம் என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? பிறகு சின்னவளைப் பார்த்து, "அவர் சொல்றதை அப்படியே சொல்லுங்க அக்கா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றார்.

அவள் அப்பாவின் உதட்டின் மேல் கண்ணை வைத்து, அவர் சொல்வதை அவர் சொல்லாகவே சொல்லத் தொடங்கினாள்.

"என் பொண்டாட்டி வழுக்கி விழலை. நான் தள்ளினேன். கீழே கிடந்தா. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். படுக்கையில கிடந்து கூப்பிட்டப்போ தூங்குற மாதிரி நடிச்சேன். புள்ளைங்க என்னைப் பார்த்து நடுங்கினப்போ எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

நான், நான் என்று அவள் வாயிலிருந்து வந்தது. பக்கத்துக் கட்டில்களிலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைத்தான் பார்த்தார்கள், அவளே செய்ததுபோல. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அதுவும் குறைப்பதாகும் என்று தோன்றியது.

"அவளை உங்ககிட்ட வர விடாம நான் தடுத்தேன்" என்றது அப்பாவின் உதடு. "இப்போ என்னை வரவிடச் சொல்லிக் கேக்குறேன்."

அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.  அப்பா காத்திருந்தார், போதகர் காத்திருந்தார். இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உங்ககிட்ட வர விடாம நான் தடுத்தேன். இப்போ என்னை வரவிடச் சொல்லிக் கேக்குறேன். என்கிட்ட காட்ட ஒண்ணும் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

அத்தோடு அப்பாவின் உதடு நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. என்னை மன்னிச்சிடுங்க, என்னை மன்னிச்சிடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போதகர் அப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தடுக்கவில்லை. சிறுவயதிலிருந்து எத்தனையோ ஜெபங்களில் அந்த வார்த்தைகளை அவள் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அது தேவைப்பட்டது அன்றைக்குத்தான்.

போதகர் கிண்ணத்தில் நீர் வாங்கி, குழாய்க்குள் போய்விடாதபடி பார்த்து, அப்பாவின் நெற்றியில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். சின்னவள் கழுத்துப் பக்கம் துணியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தில் ஒளி ஒன்றும் வரவில்லை. களைத்துப்போனவர் முகமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டில் விளிம்பை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும் அவருடைய விரல்கள் தளர்ந்திருந்தன.

சாவு இரக்கம் காட்டவில்லை. மறுநாள் காலை குழாய் அடைத்துக்கொண்டு, நர்ஸ்கள் உறிஞ்சு கருவியோடு போராட, மூச்சுக்குத் தவித்துத் தவித்துத்தான் போனார். சின்னவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தாள்.

அடக்கத்துக்குச் சபையிலிருந்து சிலர் வந்தார்கள். அப்பா இத்தனை நாள் உயிரோடு இருந்தாரா என்று சிலர் முகத்தில் கேள்வி இருந்தது. வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. அண்ணன் உள்ளே வரவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே டாக்சியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். மண் தள்ளி முடிந்ததும் சின்னவள் போய் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் என்றாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உன் பேரைச் சொல்லலை. புள்ளைங்கன்னு சொன்னார். நாம நடுங்குனது பிடிச்சிருந்துச்சுன்னு சொன்னார்."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவனுக்கு மன்னிப்பு கிடைச்சாச்சு. எனக்கு இன்னமும் கதவு சாத்துற சத்தம் கேட்டா உடம்பு ஆடுது. நான் மன்னிக்க மாட்டேன். நீயும் என்னைக் கேக்காதே."

"கேக்கலை" என்றாள்.

தான் மன்னித்துவிட்டோமா என்று தனக்கே இன்னும் தெரியவில்லை என்று அவள் சொன்னாள். அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கன்னத்தில் கல்லறை மண் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லித் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

லாண்டரியில் அன்று மாலைப் பிரிவுக்கு ஆள் குறைவு. அவளை அங்கே இறக்கிவிடச் சொன்னாள்.  இறங்கும்போது, வேலை எப்போது முடியும், வந்து கூட்டிப்போகட்டுமா என்று அண்ணன் கேட்டான். வா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.